எட்டு வண்டிகளுக்கு அடுத்து என்ன? பிரித்தானியப் போக்குவரத்து அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியப் போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கும், கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ் என்னும் புதிய அமைப்பை உருவாக்கிவரும் அதிகாரிகளுக்கும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். சவுத்போர்ட்டிலிருந்து விகன், போல்ட்டன், மான்செஸ்டர் வழியாக ஆல்டர்லி எட்ஜ் வரை செல்லும் பாதையில் ஓடும் 769 வகை இருமுறை ரயில்களின் எதிர்காலம் குறித்து இம்மடலை எழுதுகிறேன். மின்கம்பி உள்ள இடத்தில் மின்சாரத்திலும் இல்லாத இடத்தில் டீசலிலும் ஓடும்படி பழைய மின்ரயில்களை மாற்றியமைத்து உருவாக்கியவை இவை. வட இங்கிலாந்தில் ரயில்களை இயக்கும் நார்தர்ன் நிறுவனத்துக்கென இவ்வாறு மாற்றப்பட்டவை எட்டு. அவை எதுவரை ஓடும், அவற்றுக்குப் பின் அந்தப் பாதையில் எது வரும், அந்த முடிவுக்கு யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் தேதியிட்ட ஒரு பதிலைத் தாங்கள் பயணிகளுக்குத் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வண்டிகள் மாற்றப்படுவதற்கு முன் லண்டனில் ஓடியவை. டூட்டிங், மிச்சம், குரோய்டன் பகுதிகளில் குடியேறிய தமிழர்கள் பலர் வேலைக்குப் போய்வந்தது இதே பெட்டிகளில்தான். அவர்களில் சிலரும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்று மான்செஸ்டர் பக்கம் வாழ்கிறார்கள். அவர்கள் தங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் எடுத்துச்சென்று கேட்கக்கூடிய கேள்வியாக இது அமைய வேண்டும் என்று விரும்புகிறேன்.

வண்டிகளின் வரலாற்றைச் சொல்லாமல் இன்றைய சிக்கலை விளக்க முடியாது. லண்டனின் குறுக்கே வடபுறத்தையும் தென்புறத்தையும் இணைத்து 1988இல் தொடங்கிய தேம்ஸ்லிங்க் சேவைக்காக, யார்க் நகரத் தொழிற்சாலையில் 1987 முதல் கட்டப்பட்டது, பின்னர் 769 ஆக மாற்றப்பட்ட 319 வகை ரயில். வடக்கே தலைக்குமேல் செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம், தெற்கே தரையோரம் செல்லும் மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம். இரண்டிலும் ஓட வேண்டியிருந்ததால் இரண்டுக்குமான கருவிகளும் அதில் பொருத்தப்பட்டன. நான்கு பெட்டிகளைக் கொண்ட அத்தகைய 86 தொகுப்புகள் தயாராயின. 2016 முதல் புதிய 700 வகை ரயில்கள் வரத் தொடங்கியதும் இவை லண்டனுக்குத் தேவையற்றவை ஆயின. உடல் உறுதியாக இருந்தது, மின்கருவிகளும் இயங்கும் நிலையில் இருந்தன, ஆனால் மின்மயமான பாதைகளில் இடம் குறைந்துகொண்டே வந்தது. அவற்றின் உரிமையாளரான போர்ட்டர்புரூக் என்ற குத்தகை நிறுவனம் மாற்று வழி தேடியது இயல்பே.

2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அந்த வழி, தொழில்நுட்ப அளவில் நேர்த்தியானது என்பதை மறுப்பதற்கில்லை. ரயிலின் மோட்டார்கள் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தன. ஓட்டுநர் அறை உள்ள இரு முனைப் பெட்டிகளின் அடியில் இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு முனையிலும் மான் (MAN) நிறுவனத்தின் ஒரு டீசல் எஞ்சினையும் ஆல்டர்னேட்டர் என்னும் ஒரு மின்னாக்கியையும் பொருத்தி, அதிலிருந்து வரும் மின்சாரத்தை 750 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிக் கொடுத்தால், மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் கிடைப்பதாகவே எண்ணி ரயில் ஓடிவிடும். பழைய மின்கருவிகளில் அதிகம் கை வைக்க வேண்டியதில்லை. புதிய ரயில் கட்டும் செலவும் காத்திருப்பும் இல்லை. காகிதத்தில் இதைவிடச் சிக்கனமான யோசனை கிடைப்பது அரிது.

பழைய வீட்டின்மேல் மாடி எடுக்கத் தொடங்கியபின்தான் அஸ்திவாரத்தின் நிலை தெரியவரும் என்பார்களே, இந்த மாற்றவேலையைச் செய்த, லஃப்பரோவில் உள்ள பிரஷ் பணிமனையில் நடந்ததும் ஏறத்தாழ அதுவே. நார்தர்ன் வண்டிகள் 2018 மே மாதத்தில் ஓடத் தொடங்க வேண்டியவை. பயணிகளை ஏற்றியது 2021 மே மாதத்தில். வேல்ஸுக்கு முதலில் ஐந்து கேட்கப்பட்டு, பின்னர் ஒன்பதாக உயர்த்தப்பட்டது. அவை 2020 நவம்பரில் ரிம்னி பாதையில் ஓடத் தொடங்கி, 2023 மே மாதத்துக்குள் புதிய 231 வகை ரயில்களுக்கு இடம் கொடுத்து விலகிவிட்டன. அந்தப் பள்ளத்தாக்குப் பாதையில் அப்போது மின்கம்பியே இல்லாததால், இருமுறை ரயில்கள் என்ற பெயரோடு டீசலில் மட்டுமே ஓடி, மின்சாரத்துக்கான கருவிகளைச் சும்மா சுமந்து திரிந்தன.

மேற்கே நடந்ததுதான் கூடுதலாகக் கவலை தருகிறது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 19 வண்டிகளைக் கேட்டிருந்தது. ரெடிங்கிலிருந்து கில்ட்ஃபோர்ட் வழியாகக் காட்விக் விமான நிலையம் செல்லும் நார்த் டவுன்ஸ் பாதையை அறிந்தவர்களுக்கு அந்தத் தேவை உடனே விளங்கும். ரெடிங்கிலிருந்து வோக்கிங்ஹம் வரை மூன்றாம் தண்டவாளம் உண்டு, அதன்பின் ஆஷ் வரை இல்லை. ஆஷ் முதல் கில்ட்ஃபோர்டைத் தாண்டி ஷால்ஃபோர்ட் சந்திப்பு வரை உண்டு, பிறகு ரைகேட் வரை மீண்டும் இல்லை, அங்கிருந்து காட்விக் வரை மறுபடியும் உண்டு. ஒரே பயணத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வரும் இப்படிப்பட்ட பாதைக்கென்றே அளவெடுத்ததுபோல, மேல்கம்பி, மூன்றாம் தண்டவாளம், டீசல் ஆகிய மூன்றிலும் இயங்கும்படி இந்த 19 வண்டிகளும் திட்டமிடப்பட்டன. முதல் வண்டி 2020இல் வந்து சேர்ந்தது. சோதனை ஓட்டங்கள் நடந்தன. ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆனால் 2022 டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டு, ஒரு பயணியைக்கூட ஏற்றாமலே அவை உரிமையாளரிடம் திரும்பிச் சென்றன. அந்தப் பாதையில், மின்சாரம் உள்ள பகுதிகளிலும் சேர்த்து, பழைய டீசல் ரயில்கள் தொடர்ந்து ஓடின.

இந்த 19 வண்டிகளுக்காகப் பொதுப்பணம் எவ்வளவு செலவானது, குத்தகை எந்த நாளிலிருந்து கணக்கிடப்பட்டது, பயிற்சிக்கும் பணிமனை ஏற்பாடுகளுக்கும் ஆன தொகை யார் கணக்கில் எழுதப்பட்டது என்பவற்றை ஒரே ஆவணமாக வெளியிடுமாறு வேண்டுகிறேன். யாரையும் குற்றக்கூண்டில் நிறுத்தும் நோக்கம் எனக்கு இல்லை. பெருந்தொற்றுக்குப் பின் பயணிகள் எண்ணிக்கையும் வருமானமும் மாறிப்போன காலம் அது என்பதும் தெரியும். எனினும், அடுத்த முறை இதேபோன்றதொரு திட்டம் மேசைக்கு வரும்போது அதை எடைபோடுவதற்கு அந்தக் கணக்கு வேண்டும்.

வேறொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பொறியாளர்கள் மாற்றிக் கொடுத்த வண்டிகளின் தாமதத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று, அந்த வண்டிகள் தேவைப்பட்டதன் காரணத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். 2016 நவம்பரில் மேற்கு மண்டல மின்மயமாக்கலின் சில பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. 2017 ஜூலையில் அன்றைய போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் கிரேலிங், கார்டிஃப் முதல் சுவான்சி வரை, கெட்டரிங் முதல் நாட்டிங்ஹம், ஷெஃபீல்டு வரை, ஆக்சன்ஹோம் முதல் விண்டர்மியர் வரை ஆகிய மூன்று மின்மயமாக்கல் திட்டங்களை ரத்து செய்தார். இருமுறை ரயில்கள் இருக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் கம்பி கட்ட வேண்டியதில்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். அந்த முடிவை ஆராய்ந்த தேசியத் தணிக்கை அலுவலகம், கெட்டரிங், ஷெஃபீல்டு வழிச் செல்லும் மிட்லண்ட் பாதைக்குத் தேவையான வேகமும் முடுக்கமும் கொண்ட இருமுறை ரயில் முடிவெடுக்கப்பட்ட நேரத்தில் உலகில் இருக்கவே இல்லை என்று 2018 மார்ச்சில் எழுதியது. பின்னர் மீண்டும் உயிர்பெற்ற அதே மிட்லண்ட் திட்டம், புதிய இருமுறை ரயில்கள் வரவிருப்பதைச் சுட்டிக்காட்டி, 2025 ஜூலையில் மறுபடியும் நிறுத்திவைக்கப்பட்டது.

இருமுறை ரயில் என்ற எண்ணமே தவறு என்று நான் சொல்லவில்லை. கிழக்கு ஆங்கிலியாவில் 2019 முதல் ஓடும் 755 வகை ரயில்கள், டீசல் எஞ்சின்களை நடுவில் தனிப் பெட்டியில் வைத்துத் தொடக்கத்திலிருந்தே அதற்கென வடிவமைக்கப்பட்டவை, நன்றாகவே உழைக்கின்றன. தொலைதூரப் பாதைகளில் ஹிட்டாச்சி ரயில்களும் அவ்வாறே. மின்கம்பி வருவதற்கு முந்தைய இடைவெளியை நிரப்ப இருமுறை ரயில் உதவும். கம்பி வராமலே இருப்பதற்கு அது சாக்காக ஆகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இடைக்கால ஏற்பாட்டுக்கு முடிவுத் தேதி எழுதப்படாவிட்டால், அது பழுதாகி நிற்கும் நாளே முடிவுத் தேதி ஆகிவிடும்.

அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெட்ஃபோர்ட், பிளெச்லி இடையிலான மார்ஸ்டன் வேல் பாதையில், லண்டன் சுரங்க ரயிலின் பழைய டிஸ்ட்ரிக்ட் வழித்தடப் பெட்டிகளை டீசலுக்கு மாற்றிய 230 வகை ரயில்கள் ஓடின. அவற்றை மாற்றிக் கொடுத்துப் பராமரித்தும் வந்த விவாரெயில் நிறுவனம் 2022 இறுதியில் திவால் நிலைக்குப் போனது. நிறுவனம் நின்றதும் ரயிலும் நின்றது. 2023 நவம்பர் வரை, ஏறக்குறைய ஓராண்டுக் காலம், அந்தப் பாதையில் பேருந்துகளே ஓடின. தண்டவாளம் நல்ல நிலையில் இருந்தது, நிலையங்கள் இருந்தன, பயணிகளும் இருந்தார்கள். மிகச் சில வண்டிகள் மட்டுமே உள்ள, உதிரிபாகம் எளிதில் கிடைக்காத ஒரு வகை ரயிலை நம்பி ஒரு பாதை முழுவதையும் விட்டுவைத்ததன் விலை அது.

சவுத்போர்ட் பாதையிலும் அந்த ஆபத்தின் சாயல் தெரிகிறது. நார்தர்ன் நிறுவனத்திடம் முன்பு மாற்றப்படாத 319 வகை மின்ரயில்களும் இருந்தன. எட்டு 769களுக்கும் அவை உடன்பிறப்புகள். ஒரே மோட்டார், ஒரே கதவு, ஒரே சக்கரத்தாங்கி, அவற்றை அறிந்த ஒரே தொழிலாளர்கள். 2024 தொடக்கத்தில் அந்த 319கள் விடைபெற்றுவிட்டன. 1980களின் நேர்மின் மோட்டார்களையும், அவற்றோடு கட்டிப்போட்ட 21ஆம் நூற்றாண்டு டீசல் எஞ்சின்களையும் ஒருசேரப் புரிந்துகொண்டு பழுதுபார்க்கும் கைகள் இந்த எட்டு வண்டிகளுக்காக மட்டும் நீடிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் பயிற்சியும் அப்படியே. எட்டில் ஒன்று பெரும் பராமரிப்பிலும் இன்னொன்று பழுதிலும் இருந்தால், எஞ்சியவற்றை வைத்துக் கால அட்டவணையை ஒப்பேற்ற வேண்டும். வண்டிகள் கட்டப்பட்டு நாற்பது ஆண்டுகளை நெருங்குகின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பாதையில் போகிறவருக்கு இந்த ரயில் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மான்செஸ்டர் பக்கத்திலிருந்து மின்சாரத்தில் வரும்வரை உள்ளே பேச்சுக்குரல் தெளிவாகக் கேட்கும். கம்பி முடிவதற்கு முன் கூரைமேல் மின்கம்பியைத் தொட்டு நிற்கும் பாண்டோகிராஃப் என்னும் கை தாழ்ந்து டீசல் எஞ்சின்கள் முழங்கத் தொடங்கியதும், முதற்பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் தரை அதிரும், சன்னலோரம் வைத்த தேநீர்க் குவளையில் வளையங்கள் எழும். நடுப்பெட்டிகளில் இது குறைவு, அடியில் எஞ்சின் இல்லை. கம்பியின்கீழ் மணிக்கு நூறு மைல் வேகத்துக்குக் கட்டிய வண்டி, டீசலில் பழைய சிறு டீசல் ரயிலின் சுறுசுறுப்போடுதான் ஏற்றம் ஏறும். இருந்தும் நான்கு பெட்டிகள். காலை நேர மான்செஸ்டர் பயணத்தில் இரண்டு பெட்டி டீசல் ரயிலில் நெருக்குண்டு நின்றவர்களைக் கேட்டால், அதிர்வைவிட இருக்கையே பெரிது என்பார்கள். இந்த வண்டிகளைக் கேலி பேசுவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

சவுத்போர்ட் நகரத்தின் நிலைமை விசித்திரமானது. லிவர்பூலிலிருந்து அந்த ஊருக்கு 1904ஆம் ஆண்டிலேயே மின்ரயில் வந்துவிட்டது. இன்றும் அந்நிலையத்தில், லிவர்பூல் பகுதி மின்ரயில் சேவையான மெர்சிரெயிலின் நடைமேடைகளில் 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளம் கிடக்கிறது. பக்கத்து நடைமேடையிலிருந்து பர்ஸ்கோ பிரிட்ஜ், பார்போல்ட் வழியாக விகன் செல்லும் ரயில், மின்சாரம் வந்து நூற்றிருபது ஆண்டுகள் கடந்த ஊரிலிருந்து டீசல் புகையோடு புறப்படுகிறது. விகனுக்கும் போல்ட்டனுக்கும் இடைப்பட்ட பகுதியை மின்மயமாக்க 78 மில்லியன் பவுண்டுத் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க வேலை. ஆனால் அதனால் கம்பி முடியும் இடம் மேற்கே நகர்ந்து விகனுக்குப் போகிறதேயன்றி, விகனிலிருந்து கடற்கரை வரையிலான கேள்வி அப்படியே நிற்கிறது. இருமுறை ரயிலின் தேவையும் அதோடு சேர்ந்து நிற்கிறது.

2025 ஜனவரியில் 450 வரையிலான புதிய ரயில்களுக்கு நார்தர்ன் ஒப்பந்தப்புள்ளி கோரியதை அறிவேன். முதல் வண்டிகள் 2030ஆம் ஆண்டை ஒட்டி எதிர்பார்க்கப்படுகின்றன. அவற்றில் மின்சாரமும் டீசலும் சேர்ந்தவையும், பின்னர் பேட்டரிக்கு மாறக்கூடியவையும் இருக்கலாம். மெர்சிரெயிலின் 777 வகை ரயில் 2023 அக்டோபர் முதல் ஹெட்போல்ட் லேன் நிலையம் வரை பேட்டரியில் ஓடுவதைப் பார்க்கும்போது, விகனுக்கு மேற்கே உள்ள சமவெளிப் பாதைக்கு அது பொருந்தாது என்று சொல்ல முடியவில்லை. என் கவலை அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றியது. ஒரு பெரிய கொள்முதலில் எந்தப் பாதைக்கு முதலில் வண்டி என்ற வரிசை ஒன்று இருக்கும். உலகில் வேறு எவரும் ஓட்டாத எட்டுப் பழைய வண்டிகளை நம்பியிருக்கும் பாதை அந்த வரிசையின் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்பது பொதுப்புத்தி. அவ்வாறு முடிவாகியிருந்தால் அறிவியுங்கள். முடிவாகவில்லையெனில் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் முடிவு செய்யுங்கள்.

இனி உரிமை பற்றி. 1993ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்துக்குப் பின் பெட்டிகள் ஒருவரிடம், தண்டவாளம் ஒருவரிடம், ஓட்டும் பொறுப்பு மற்றொருவரிடம் என்று பிரிந்தன. நார்தர்ன் 2020 மார்ச் முதல் அரசின் கையில் இருக்கிறது. 2024இல் நிறைவேறிய சட்டத்தின்படி ஏனைய இயக்க நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பொதுவுடைமைக்கு வருகின்றன. ஆனால் பெட்டிகள் பெரும்பாலும் தனியார் குத்தகையிலேயே தொடர்கின்றன. ஆகவே ஒரு மாற்று ரயிலின் ஆயுள் முடிவை உரிமையாளர் வருமானத்தைக் கொண்டும், இயக்குநர் இந்த ஆண்டின் வரவு செலவைக் கொண்டும், தண்டவாளத்துக்குப் பொறுப்பானோர் தங்கள் பணித்திட்டத்தைக் கொண்டும் தனித்தனியே பார்க்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் அதிகாரம் இனித் தங்களிடம் இருக்கப்போகிறது. கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ் அமைவதன் பயன் இது என்றே தாங்கள் நாடாளுமன்றத்திலும் சொல்லிவருகிறீர்கள். அதைக் காட்டுவதற்கு இந்த எட்டு வண்டிகளைவிடச் சிறிய, கைக்கடக்கமான சோதனை வேறு அமையாது.

வேல்ஸிலிருந்தும் மேற்கிலிருந்தும் திரும்பிய வண்டிகளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். அவற்றின் எஞ்சின்கள் இளமையானவை, அவற்றில் பல அதிகம் ஓடாதவை. பழைய இரும்பாக அவற்றை அனுப்புவது உரிமையாளரின் சட்டபூர்வ உரிமை. ஆயினும் சவுத்போர்ட் பாதை இவ்வகையை நம்பியிருக்கும்வரை, அவற்றிலிருந்து கழற்றத்தக்க எஞ்சின், ஆல்டர்னேட்டர், கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை உதிரிபாகங்களாகப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று குத்தகை உடன்பாட்டில் எழுதிக்கொள்வதற்குத் தடை ஏதும் இருக்காது. அதற்கான செலவு, ரயில் நின்றபின் மாதக்கணக்கில் பேருந்து விடும் செலவைவிட அதிகமாகாது என்றே நினைக்கிறேன்.

இதே 319 குடும்பத்திலிருந்து ஹைட்ரஜன் ரயிலும் பிறந்தது. பர்மிங்ஹம் பல்கலைக்கழகமும் போர்ட்டர்புரூக்கும் சேர்ந்து உருவாக்கிய அந்த வண்டி 2019இல் முதன்முதலில் காட்சிக்கு வந்தது. அதன் அடுத்த வடிவம் 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்களுக்குக் காட்டப்பட்டது. புகைப்படங்கள் நன்றாக இருந்தன. அதை வைத்து ஒரு பயணிகள் சேவை உருவாகவில்லை. அடுத்து யாரேனும் வேறொரு பழைய மின்ரயிலில் பேட்டரியையோ வேறு எதையோ பொருத்தித் தங்கள் முன் நிறுத்துவார்கள். வேண்டாம் என்று சொல்லும்படி நான் கேட்கவில்லை. எந்த ஆண்டு சேவைக்கு வரும், எந்த ஆண்டு விலகும், தாமதமானால் யார் பணம் கட்டுவது, செய்த நிறுவனம் மூடப்பட்டால் பராமரிப்பு வரைபடங்கள் யாரிடம் வரும் என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் கிடைக்காமல் கையொப்பமிட வேண்டாம் என்றே கேட்கிறேன்.

இந்நாட்டில் கால அட்டவணை மே மாதத்திலும் டிசம்பரிலும் மாறுகிறது. அடுத்த மாற்றத்துக்கு முன்பாக, சவுத்போர்ட் பாதையின் 769 வண்டிகள் எந்த ஆண்டு வரை ஓடும், அவை விலகும்போது எத்தனை பெட்டிகள் கொண்ட எந்த வகை ரயில் வரும், அது வந்து சேரும்வரை இருப்பவை அகற்றப்படமாட்டா என்ற உறுதி ஆகியவற்றை எழுத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். வலைத்தளத்தோடு நிறுத்திவிடாமல் விகன், பர்ஸ்கோ பிரிட்ஜ், சவுத்போர்ட் நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளிலும் அது ஒட்டப்பட வேண்டும். மேற்கு மண்டலத்தின் 19 வண்டிகளுக்கான கணக்கை நாடாளுமன்றத்தின் போக்குவரத்துத் தேர்வுக்குழுவின் முன் வைக்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வடமேற்கு இங்கிலாந்தில் வாழும் தமிழ்ப் பயணி ஒருவர்